அமரில்லிஸ்: 3 வருஷமா இலை மட்டும்தான், பூ இல்லை (பெங்களூரு)

கேள்வி (பனசங்கரி)
சிவப்பு அமரில்லிஸ். 4 கிழங்கு, ஒரே 10 அங்குலத் தொட்டி. வடக்குப் பார்த்த பால்கனி. கோகோபீட்டும் மண்புழு உரமும் சரிபாதி, கிழங்கு முழுசா உள்ளே புதைஞ்சிருக்கு. புதுசாத் துளிர்க்கட்டும்னு ஒவ்வொரு ஜூன்லயும் இலையை ஒட்ட வெட்டிடறேன். இந்த மழையில இலையடியில சிவப்புக் கோடு வேற வந்திருக்கு. எங்கே தப்பு? கிழங்கை எப்படிப் பெருக்கறது?

பதில் (மல்லேஸ்வரம்)
ஜூன்ல வெட்டறீங்களே, பூ அங்கேயே போயிடுது. கிழங்குக்குள்ளே ஏறக்குறைய 4 இலைக்கு ஒரு மொட்டுன்னு கட்டும். அந்த மொட்டு வளர்ந்து வெளியே தலைகாட்ட ஒரு வருஷம் பக்கம் ஆகும். பூக்கிற வயசுக் கிழங்கை நெடுக்கப் பிளந்தா, வெங்காய அடுக்கு மாதிரி இருக்கிற வெள்ளைச் செதில்களுக்கு நடுவுல தட்டையா வெளிறின மொட்டு ஒட்டிக்கிட்டிருக்கறதைக் கண்ணாலயே பார்க்கலாம். மழைக்காலத்து இலை சேர்க்கிற சத்துதான் அதை வளர்க்குது. பச்சை இலையைத் தொடாதீங்க, தானா மஞ்சளாகிக் காயட்டும்.

அடுத்தது வெயில். காலை வெயில் 4 மணி நேரமாவது நேரா படணும். வடக்குப் பால்கனியில அது நடக்காது, மாடிக்கு ஏத்திடுங்க.

நடும்போது கிழங்கோட கழுத்தும் மேல் மூணுல ஒரு பங்கும் வெளியே தெரியணும். நம்ம ஊர் மழையில கோகோபீட் ஈரத்தை விடாது, கிழங்கோட அடித்தட்டு (வேர் கிளம்பற அடிப்பகுதி) அழுகும். செம்மண் 2, மணல் 1, மக்கின உரம் 1 போதும். எம்-சாண்டுதான் கிடைக்குதுன்னா அலசி, தூளைப் போக்கிட்டுப் போடுங்க. ஒரு கிழங்குக்கு 6 அங்குலத் தொட்டி, சுத்தி ரெண்டு விரல் இடம்.

நவம்பர் கடைசியில தண்ணியை நிறுத்தி 8–10 வாரம் மழை படாத இடத்துல வைங்க. இங்கே டிசம்பர் ராத்திரிக் குளிரே போதும், ஃபிரிட்ஜ் வேண்டாம். பிப்ரவரியில ஒரு தடவை நனைய ஊத்திட்டு, மொட்டு நுனி தெரியற வரை கொஞ்சமா ஊத்தினாப் போதும்.

பதில் (ஜெயநகர்)
சிவப்பெல்லாம் நோய் இல்லை. காயம் பட்டாலே இந்தக் கிழங்கு சிவக்கும். கோடு குழிஞ்சு, வெடிச்சு, இலை அந்த இடத்துல வளைஞ்சா அது ஸ்டாகனோஸ்போரா பூஞ்சை. மழைத்துளி தெறிச்சுத்தான் பரவும், அதனால தண்ணியை மண்ணுல ஊத்துங்க, கழுத்துல வேண்டாம். அந்த இலையை வெட்டி எறிங்க. கிழங்கோட பழுப்புத் தோலை உரிச்சு, புண்ணை வெள்ளைச் சதை வரைக்கும் சுரண்டுங்க. லிட்டருக்கு 2 கிராம் சாஃப் (பூஞ்சைக்கொல்லித் தூள்) கலந்து அரை மணி ஊற வச்சு, நிழல்ல 3 நாள் காய விடுங்க. கையுறை போட்டுக்குங்க, சாறு சிலருக்கு அரிக்கும். கிழங்கு விஷம், நாய் கடிக்காம பார்த்துக்குங்க.

பதில் (வைட்ஃபீல்டு)
பெருக்க எளிய வழி பக்கக் கிழங்கு. சொந்த வேர் விட்டதும் பிரிக்கலாம். நிறைய வேணும்னா பெரிய, நோயில்லாத கிழங்கு ஒண்ணை எடுத்து, வேரையும் மேல் நுனியையும் நறுக்கி, நெடுக்க 8 துண்டாக்குங்க. ஒவ்வொரு துண்டுலயும் அடித்தட்டு ஒட்டியிருக்கணும், அது இல்லாத செதில் வெறுமனே அழுகிடும். கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் ஸ்பிரிட்ல துடைங்க. அதே சாஃப் கரைசல்ல முக்கி, பிழிஞ்சா சொட்டாத அளவு ஈரமான வெர்மிகுலைட்டோட (ஈரம் பிடிக்கிற லேசான கனிமத் துகள்) கவர்ல கட்டி இருட்டுல வைங்க. 2–3 மாசத்துல செதிலுக்கு இடையில பட்டாணி அளவு குட்டிகள் வரும். பூ பார்க்க 3 வருஷம் பக்கம் ஆகும்.

தகவல் தேடும்போது ஹிப்பியாஸ்ட்ரம்னு தேடுங்க. நர்சரியில அமரில்லிஸ்னு விக்கறது பெரும்பாலும் இந்தத் தென் அமெரிக்கச் செடிதான். நிஜ அமரில்லிஸ் தென்னாப்பிரிக்காவோடது, பராமரிப்பும் வேற.

கேள்வி (பனசங்கரி)
ரொம்ப நன்றி. எடுத்துப் பார்த்தேன். மூணு கிழங்கு சுற்றளவு 24 செ.மீ., ஒண்ணு 14. பெரியதுல ஒண்ணுக்கு மட்டும் குழிஞ்ச சிவப்பு. 14-ஐத் துண்டு போடலாமா? மண்ணை இப்பவே மாத்தலாமா, மழை விட்டப்புறமா?

பதில் (மல்லேஸ்வரம்)
14-ஐத் துண்டு போடாதீங்க, சின்னது. 20-ஐத் தாண்டற வரை பூவும் எதிர்பார்க்காதீங்க. சிவப்பு விழுந்ததைத் தனித் தொட்டியில, தள்ளி வைங்க. மண்ணை இப்பவே மாத்துங்க, ஈரக் கோகோபீட்ல இன்னும் ரெண்டு மாசம் இருக்கறதுதான் ஆபத்து. நல்ல வேரை உடைக்காம நட்டு, மழை படாத இடத்துல ஒரு வாரம் தண்ணி ஊத்தாம வைங்க.