முதல் போன் காலில் எதையும் விற்க மாட்டார்கள்: ஐடி பிரிவுக்கு வரும் விற்பனைக் கால்கள், அனுபவப் பகிர்வு

கப்பலூர், சிஸ்டம் அட்மின்:

கப்பலூர் சிட்கோ, கே.புதூர் எஸ்டேட், வாடிப்பட்டிப் பக்கத்து மில், வடபழஞ்சி எல்காட், மதுரைப் பக்கம் எங்கே வேலை பார்த்தாலும் ஐடி ஆட்களான நமக்கு வரும் விற்பனைக் கால்கள் ஒரே ஜாடைதான். அவரவர் கையாளும் விதத்தை இங்கே எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம், செய்முறை போதும். நான் தொடங்கி வைக்கிறேன்.

முதல் காலில் எவனும் எதையும் விற்பதில்லை. "சார், ஒரு சின்ன சர்வே, ரெண்டே நிமிஷம்" என்பான். எத்தனை சிஸ்டம், எந்த ஃபயர்வால் (ஆபீஸ் நெட்டுக்குக் காவலாக நிற்கும் பெட்டி), அதன் லைசென்ஸ் ரின்யூவல் எந்த மாசம், பர்ச்சேஸ் யார் பார்க்கிறார் என்று நாலே கேள்வி. இரண்டாவது கால் வேறு நம்பரில், வேறு குரலில், நேரே அக்கவுண்ட்ஸுக்குப் போகும். "உங்க ஐடி சார்கிட்ட பேசியாச்சு மேடம், மார்ச்ல முடியுற ஃபயர்வாலுக்கு ப்ரோஃபார்மா அனுப்பியிருக்கோம்." ப்ரோஃபார்மா என்றால் பணம் கேட்டு முன்கூட்டியே அனுப்பும் பில். மாசமும் சரி, மாடலும் சரி. அந்த அம்மா எப்படிச் சந்தேகப்படுவார்? விவரத்தைக் கொடுத்ததே நாம்தானே.

எல்லாக் காலும் மோசடி இல்லை. சில வெறும் வியாபாரத் தந்திரம், ஆனால் நஷ்டம் நமக்குத்தான். ஃபயர்வால் சீரியல் நம்பரை ஏன் இவ்வளவு கெஞ்சிக் கேட்கிறார்கள் என்று புதுசாக வந்த பையன்களுக்குத் தெரிவதில்லை. டீலர் வட்டாரத்தில் டீல் ரெஜிஸ்ட்ரேஷன் என்று ஒன்று உண்டு. எந்த டீலர் முதலில் நம் கம்பெனி பெயரையும் தேவையையும் தயாரிப்பாளரிடம் பதிகிறாரோ, அவருக்குத்தான் சலுகை விலை. முன்பின் தெரியாத ஒருத்தன் சீரியலை வாங்கிப் பதிந்துவிட்டால், வருஷக்கணக்காக சர்வீஸ் பார்க்கிற நம்ம டீலருக்கு அந்த விலை கிடைக்காது. அவர் கோட்டேஷன் திடீரென்று ஏறி வரும், நாம் அவரைத் திட்டுவோம். அதனால் சீரியல், காலாவதி தேதி, யூசர் எண்ணிக்கை இந்த மூன்றும் போனில் கிடையாது. கோட்டேஷன் வேண்டுமென்றால் நாமே மெயிலில் கேட்போம்.

"இன்னிக்கு நைட் லைசென்ஸ் முடியுது, நெட் நின்னுடும்" என்று அவசரப்படுத்தினால், போனை வைத்துவிட்டு ஃபயர்வாலில் லாகின் செய்து லைசென்ஸ் பக்கத்தைப் பாருங்கள். அதில் உள்ள தேதிதான் தேதி. டேலி கணக்கு மென்பொருளின் சந்தாவான டிஎஸ்எஸ்ஸுக்கும் அப்படியே. டிஜிட்டல் சிக்னேச்சர் என்றால் அது இருக்கும் யூஎஸ்பி டோக்கனைச் செருகி செர்டிபிகேட்டைத் திறந்து எந்தத் தேதி வரை என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

அண்ணா நகர், ஃப்ரன்ட் ஆபீஸ்:

அண்ணே, எங்க பக்கத்தையும் சேர்த்துக்கோங்க. 0452 போர்டு நம்பருக்கு வர்ற கால் முதல்ல எங்ககிட்டதான் வரும். "ஐடி மேனேஜர் பேரு மறந்துபோச்சு, கொஞ்சம் சொல்லுங்களேன்"னு கேட்டா பேர் சொல்லக் கூடாது. "குமார் சார்தானே?"ன்னு ஒரு பேரைப் போட்டுப் பார்ப்பாங்க. "இல்லைங்க, அவர் பேரு..."ன்னு நாம திருத்துனா, அதுக்காகத்தான் போட்டது.

டிரான்ஸ்ஃபர்ல ஒரு ஓட்டை இருக்கு. ரிசப்ஷன் மாத்திக் கொடுக்குற கால், நிறைய இபிஏபிஎக்ஸ்ல (ஆபீஸ் உள் போன் சிஸ்டம்) எங்க எக்ஸ்டென்ஷன் நம்பரோடதான் உள்ள அடிக்கும். எடுக்குறவர் உள் ஆளுன்னு நினைச்சுப் பேச ஆரம்பிச்சுடுவார். அதனால சும்மா தள்ளிவிடாம, முதல்ல நாங்க லைன்ல வந்து "வெளி கால், கம்பெனி பேரு இது, விஷயம் இது"ன்னு சொல்லிட்டுத்தான் இணைக்கணும். ஐடியில வேண்டாம்னா வேண்டாம்தான்.

சொல்ல வேண்டியது ஒரே வரி: "விற்பனை சம்பந்தமா எதுவா இருந்தாலும் மெயில் அனுப்புங்க, தேவைன்னா அவங்களே கூப்பிடுவாங்க." அந்த மெயில் ஐடி யார் பேர்லயும் இல்லாம பொதுவா இருக்கணும். இதை டேப் போட்டு போன் பக்கத்துலயே ஒட்டி வைங்க, லீவுக்கு வேற ஆள் உட்கார்றப்ப உதவும். இன்னொண்ணு, எதுக்குமே "ஆமா, அனுப்புங்க"ன்னு சொல்லாதீங்க. ஏன்னு அக்கவுண்ட்ஸ்ல இருக்குறவங்க சொல்வாங்க.

திருமங்கலம், அக்கவுண்ட்ஸ்:

சொல்கிறேன் மேடம். டோனர்தான் (பிரிண்டர் மைப்பொடி) காரணம். "பிரிண்டர் மாடல் என்ன?" என்று ஒரு கால் வரும். அதற்கான டோனர் 88ஏ-யா, 12ஏ-யா என்று தெரிந்துகொண்டு, "சாம்பிள் அனுப்பவா?" என்பான். யாராவது "சரி" என்றால் பத்து நாளில் கூரியரில் ஒரு பெட்டி வரும். பில்லில் ஆர்டர் கொடுத்தவர் என்று ரிசப்ஷன் பெண்ணின் பெயர் இருக்கும். உள்ளே இருப்பது ரீஃபில் சரக்கு, விலை ஒரிஜினலை விட அதிகம்.

இதை நிறுத்தும் இடம் வாசல்தான். டெலிவரி சலானில் நம் பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) நம்பர் இல்லாத எந்தப் பெட்டிக்கும் செக்யூரிட்டி இன்வர்ட் சீல் (சரக்கு உள்ளே வந்ததற்கான முத்திரை) போடக் கூடாது. சீல் விழுந்த பிறகு "நாங்கள் கேட்கவில்லை" என்பது பலவீனமான வாதம். சரக்கைத் திருப்பி அனுப்பினாலும் வேலை முடியாது, ஜிஎஸ்டி போர்ட்டலைப் பாருங்கள். அவன் பில்லை ஏற்றியிருந்தால் ஐஎம்எஸ் (இன்வாய்ஸ் மேனேஜ்மென்ட் சிஸ்டம்) பக்கத்தில் தெரியும். 2024 அக்டோபரிலிருந்து இந்த வசதி இருக்கிறது. அங்கே ரிஜெக்ட் கொடுக்க வேண்டும். எதுவும் செய்யாமல் விட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு.

புது ஆளிடம் வாங்கத்தான் போகிறோம் என்றால், ப்ரோஃபார்மாவில் இரண்டு நம்பரை உற்றுப் பாருங்கள். ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து அந்த ஆளின் பான் (வருமான வரி எண்). முன்னாலிருந்து ஆறாவது எழுத்து 'சி' என்றால் கம்பெனி, 'எஃப்' என்றால் கூட்டு நிறுவனம், 'பி' என்றால் தனிநபர். லெட்டர்பேடில் பிரைவேட் லிமிடெட் என்று போட்டிருந்து ஆறாவது எழுத்து 'பி'யாக இருந்தால் அங்கேயே மூடி வைத்துவிடலாம். பிரைவேட் லிமிடெட்டுக்கு சிஐஎன் (கம்பெனிப் பதிவு எண்) என்று 21 எழுத்து எண் இருக்கும். அதில் 9 முதல் 12 வரை உள்ள நாலு இலக்கம் பதிவு செய்த வருஷம். "இருபது வருஷ அனுபவம்" என்கிறவன் எண்ணில் 2023 என்று இருந்தால் கேள்வி கேட்கலாம். கம்பெனி விவகார அமைச்சகத் தளத்திலும் ஜிஎஸ்டி தளத்திலும் இரண்டையும் இலவசமாகச் சரிபார்க்கலாம்.

ஆனால் எண் சரியாக இருப்பதாலேயே ஆள் சரி என்று ஆகாது. வேறு நல்ல கம்பெனியின் எண்ணை எடுத்துப் போடுவதும் உண்டு. பணம் போகிற கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் கடைசிச் சோதனை. 2025 ஏப்ரல் முதல் ஆர்டிஜிஎஸ், என்இஎஃப்டி அனுப்பும் முன்பே பெறுபவர் பெயரைக் காட்டும் வசதியை வங்கிகள் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. பில்லில் உள்ள பெயரும் திரையில் வரும் பெயரும் ஒட்டவில்லை என்றால் அனுப்பாதீர்கள்.

பழைய டீலரே "பேங்க் மாத்திட்டோம்" என்று கூப்பிட்டாலும் இதே விதி. அவர் கொடுத்த நம்பரில் இல்லை, நம் லெட்ஜரில் ஏற்கெனவே இருக்கும் நம்பரில் நாம் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

வடபழஞ்சி, நெட்வொர்க்:

மேலே சொன்னதெல்லாம் பணம். எனக்குப் பயம் எனிடெஸ்க், அதாவது வெளியே இருப்பவர் நம் மெஷினை இயக்க வழிவிடும் மென்பொருள். "மைக்ரோசாஃப்ட்லேர்ந்து பேசறோம், உங்க சர்வர்லேர்ந்து வைரஸ் போகுது" என்று கால் வந்தால் கேட்கவே வேண்டாம், மைக்ரோசாஃப்ட் அப்படித் தானாகக் கூப்பிடாது. புது ரகம் இன்னும் நைசானது. முதலில் ஒருவரின் மெயில்பாக்ஸில் நியூஸ்லெட்டர் குப்பையை நூற்றுக்கணக்கில் கொட்டுவார்கள். அவர் திணறும்போது டீம்ஸிலோ போனிலோ "ஹெல்ப்டெஸ்க் பேசறோம், சரி பண்ணித் தர்றோம், க்விக் அசிஸ்ட் திறங்க" என்பார்கள். இதைப் பற்றி மைக்ரோசாஃப்டே 2024 மே மாதம் எச்சரித்தது. க்விக் அசிஸ்டும் எனிடெஸ்க் மாதிரிதான், விண்டோஸோடு வருவதால் அதை யாரும் சந்தேகப்படுவதில்லை. தேவையில்லை என்றால் எல்லா மெஷினிலிருந்தும் நீக்கிவிடுங்கள். டீம்ஸ் அட்மினில் எக்ஸ்டர்னல் ஆக்சஸை (வெளி ஆட்கள் நம்மைத் தொடர்புகொள்ளும் வழி) மூடி, தேவையான டொமைனை மட்டும் திறங்கள்.

"யூசருக்கு அட்மின் உரிமை இல்லையே" என்று நிம்மதியாக இருக்காதீர்கள். எனிடெஸ்க் இன்ஸ்டால் செய்யாமலே ஓடும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்து எக்ஸிஇ (புரோகிராம் ஃபைல்) ஓடுவதை, விண்டோஸில் எது ஓடலாம் என்று கட்டுப்படுத்தும் ஆப்லாக்கரில் தடுத்தால்தான் பலன். ஃபயர்வாலில் போர்ட்டை (இணைப்பு போகும் வழியின் எண்) மட்டும் அடைப்பதும் வீண். எனிடெஸ்க் 6568 கிடைக்காவிட்டால் வெப்சைட்டுகளுக்காகத் திறந்திருக்கும் 443-இல் போய்விடும், அதே ரக மென்பொருளான டீம்வியூவரும் 5938 இல்லையென்றால் அப்படித்தான். ஃபயர்வாலின் அப்ளிகேஷன் கன்ட்ரோலில் ரிமோட் ஆக்சஸ் வகையையே மூட வேண்டும். டேலி டீலர் எனிடெஸ்க்கில்தான் வருவார் என்றால், ஒரே ஒரு மெஷினில் திறந்து, அதன் அனுமதிப் பட்டியலில் அவர் ஐடியை மட்டும் போடுங்கள்.

யாராவது ஏற்கெனவே உள்ளே விட்டுவிட்டால்: லேன் ஒயரைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். மெஷினை ஷட் டவுன் செய்யாதீர்கள், மெமரியில் இருக்கும் தடயம் போய்விடும். திரையைக் கடிகாரம் தெரிய போட்டோ எடுங்கள். வேறு மெஷினிலிருந்து முதலில் மெயில் பாஸ்வேர்டு, பிறகு நெட் பேங்கிங். பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது, எல்லா செஷனையும் சைன் அவுட் செய்யுங்கள், மெயிலில் புதிதாக ஃபார்வர்டிங் ரூல் (வரும் மெயிலை வெளியே திருப்பிவிடும் விதி) போட்டிருக்கிறானா என்று பாருங்கள். பலர் விடுவது இந்த ரூலைத்தான். பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் அவனுக்கு நம் மெயில் போய்க்கொண்டே இருக்கும். எனிடெஸ்க் இன்ஸ்டால் ஆகியிருந்தால் புரோகிராம் டேட்டா ஃபோல்டரிலும், இல்லையென்றால் யூசரின் ஆப் டேட்டா ஃபோல்டரிலும் அதன் டிரேஸ் ஃபைல்கள் (இணைப்புப் பதிவுகள்) இருக்கும். எந்த எனிடெஸ்க் ஐடி எப்போது வந்தது என்று அதில் தெரியும். காப்பி எடுத்த பிறகுதான் ஃபார்மேட்.

பழங்காநத்தம், புது அட்மின்:

அண்ணே, லைசென்ஸ் ஆடிட், சாஃப்ட்வேருக்கு ஒழுங்கா லைசென்ஸ் இருக்கான்னு பார்க்கணும்னு கூப்பிடுறாங்களே, அதுக்கு என்ன பதில்? அப்புறம் புகார் எங்க கொடுக்கிறது?

கப்பலூர், சிஸ்டம் அட்மின்:

தம்பி, ஆடிட் கால் மட்டும் கொஞ்சம் நிதானம். அது உண்மையாகவும் இருக்கலாம். போனில் ஒரு எண்ணிக்கையும் சொல்லாதே. "எந்த ஒப்பந்தம், எந்தப் பிரிவு, உங்களுக்கு அதிகாரம் கொடுத்த கடிதம், மூன்றையும் எழுத்தில் அனுப்புங்க" என்று கேள். அவர்கள் அனுப்பும் எக்செல்லை நிரப்பாதே, இன்வென்டரி ஸ்கிரிப்டை (மெஷினில் என்னென்ன இருக்கிறது என்று கணக்கெடுக்கும் புரோகிராம்) ஓட்டாதே. கடிதம் வந்தால் குப்பையில் போடாமல் நிர்வாகத்திடமும் வக்கீலிடமும் கொடு. அதற்கு முன்னால் உன் கையில் பில், கீ, எந்த மெஷினில் போட்டது என்ற ஒரு ரெஜிஸ்டர் இருக்க வேண்டும். அது இல்லாதவன்தான் போனில் உளறுவான்.

புகார் மூன்று வகை. வெறும் தொல்லை என்றால் 1909. விளம்பரக் கால்கள் 140 வரிசையில்தான் வர வேண்டும், வங்கி மாதிரி நிறுவனங்களின் சேவைக் கால்களுக்கு 1600 வரிசை. சாதாரண பத்து இலக்க மொபைலிலிருந்து விற்பனைக் கால் வந்தால் அதுவே விதிமீறல். கால் வந்த ஏழு நாளுக்குள், என்ன பேசினான், அவன் நம்பர், தேதி இந்த மூன்றையும் கமா போட்டு 1909-க்கு எஸ்எம்எஸ் அனுப்பு, அல்லது தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் டிஎன்டி ஆப்பில் புகார் கொடு. கம்பெனி சிம் ஒவ்வொன்றிலிருந்தும் ஆங்கில எழுத்தில் 'ஸ்டார்ட் 0' என்று 1909-க்கு அனுப்பினால் விளம்பரம் எல்லாவற்றுக்கும் தடை.

ஏமாற்று முயற்சி, பணம் போகவில்லை என்றால் அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதியில் சொல். பணம் போய்விட்டது என்றால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930. யூடிஆர் நம்பர் (பணம் அனுப்பியதற்கான வங்கி எண்), தொகை, நேரம், நம் கணக்கு எண் இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடு. அடுத்த கணக்குக்குப் பணம் தாவுவதற்குள் சொன்னால்தான் நிறுத்தி வைக்க முடியும். காவல் நிலையத்துக்குப் போவதென்றால், மதுரை மாநகரத்துக்கும் மாவட்டத்துக்கும் தனித்தனி சைபர் கிரைம் நிலையம். பழங்காநத்தம் மாநகரம், எங்கள் கப்பலூர் மாவட்டம்.

சிஸ்டத்துக்குள் ஆள் புகுந்திருந்தால் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கும் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரல் 28 உத்தரவு அது. 180 நாள் லாக் (சிஸ்டத்தில் நடந்தவற்றின் பதிவு) வைத்திருக்கவும் அதிலேயே சொல்லியிருக்கிறது. சின்ன ஃபயர்வாலுக்குள் அவ்வளவு நாள் லாக் நிற்காது, பழசு அழிந்துகொண்டே வரும். ஓரமாகக் கிடக்கும் ஒரு பழைய மெஷினை லாக்கை வாங்கிச் சேமிக்கும் சிஸ்லாக் சர்வராக்கி அதற்குத் திருப்பிவிடு.