கனரக பிக்கப்: ஸ்டீயரிங்கை வலுப்படுத்துவதா, பேரிங்கை மாற்றுவதா?

வணக்கம். ஐந்து ஆண்டுகள் ஓட்டிய பழைய கனரக பிக்கப்பைக் கொடுத்துவிட்டு, அதே போல் முன்பக்கம் ஒரே திட அச்சாக அமைந்த நான்கு சக்கர இயக்க டீசல் வண்டி ஒன்றை அண்மையில் எடுத்திருக்கிறேன். வண்டி கைக்கு வருவதற்கு முன்பே, முன் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் தண்டான டை ராடையும், ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டு போகும் தண்டான டிராக் லிங்கையும் தடித்தவையாக மாற்றிவிட வேண்டும், முன் சக்கரங்களின் மூடிய பேரிங்குகளைக் கழற்றிவிட்டுக் கிரீஸ் வைத்துப் பராமரிக்கக்கூடிய அமைப்பைப் பொருத்திவிட வேண்டும் என்று பட்டியல் போட்டு வைத்திருந்தேன். அந்தப் பட்டியலில் பாதியை இப்போது அடித்துவிட்டேன். ஏன் என்று சொல்வதற்குப் பழைய வண்டியில் நடந்ததிலிருந்து தொடங்க வேண்டும்.

டயர் வெளியே தள்ளி நிற்க வேண்டும் என்ற ஆசையில், +44 மி.மீ. ஆஃப்செட் (சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து, அது வண்டியில் பொருந்தும் முகம் தள்ளியிருக்கும் தூரம்) கொண்ட பழைய சக்கரங்களை எடுத்துவிட்டு, −18 மி.மீ. ஆஃப்செட் கொண்ட அகலமான சக்கரங்களைப் போட்டிருந்தேன். கணக்குப் பார்த்தால், டயரின் நடுக்கோடு முன்பிருந்த இடத்தைவிட 62 மி.மீ. வெளியே போய்விட்டது. ஆறு சிலிண்டர் டீசல் இயந்திரத்தின் எடை மட்டுமே ஏறத்தாழ 500 கிலோ. அதைச் சுமக்கும் முன் அச்சின் முனையில் நெம்புகோலை நீட்டி வைத்ததைப் போன்ற வேலை அது. மூன்றாம் ஆண்டில் மணிக்கு 70 கி.மீ. வேகத்தைத் தாண்டும்போது தரையிலிருந்து எழுவது போன்ற ஒரு முனகல் கேட்கத் தொடங்கியது. டயர் தேய்மானத்தின் சத்தம் என்று நினைத்து, டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். சத்தம் இடம் மாறவில்லை. வலப்பக்கம் வளையும்போது அது கூடியது, இடப்பக்கம் வளையும்போது அடங்கியது. வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடப்பக்கச் சக்கரத்தில் இறங்கும் என்பதால், சந்தேகம் இடப்பக்க பேரிங்கின் மேல் விழுந்தது. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஒரு கையைச் சுருள்வில்லின் மேல் வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுழற்றினேன். காதுக்கு எதுவும் கேட்கவில்லை. வில்லின் மேல் இருந்த விரல்களில் மட்டும், அம்மியில் மணல் அரைபடுவதைப் போன்ற ஒரு நடுக்கம் தெளிவாகத் தெரிந்தது.

பேரிங்கை மாற்றினேன். இரண்டு ஆண்டுகள் முடிவதற்குள் அதே பக்கம் மறுபடியும் போயிற்று. பேரிங் மட்டமானது என்று குறைபட்டுக்கொண்டு போன என்னிடம், வேலை பார்த்த மெக்கானிக் சக்கரத்தைச் சுட்டிக்காட்டி, அது இப்படி நிற்கும் வரை எந்த பேரிங்கைப் போட்டாலும் அவ்வளவுதான் என்று பொறுமையாக விளக்கினார். அவர் சொன்ன இன்னொன்றும் நினைவில் நிற்கிறது: மூடிய பேரிங்கைப் பொருத்தியதும், நடுவில் வரும் அச்சுத் தண்டின் நட்டைக் குறித்த முறுக்கு விசைக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி முடிக்கும் முன் வண்டியின் எடையை அந்தச் சக்கரத்தில் இறக்கக் கூடாது. இறக்கினால் புது பேரிங் முதல் நாளே சேதமாகிவிடும்.

ஸ்டீயரிங் கதை வேறு. நேர்ச்சாலையில் வண்டி அலைந்ததால் முதலில் ஸ்டீயரிங்கின் அதிர்வைத் தணிக்கும் டேம்பரை மாற்றினேன். சில மாதங்கள் சரியானது போல் இருந்தது, உண்மையில் குறை மறைந்திருந்தது, அவ்வளவே. பிறகு ஒருவரை உள்ளே உட்கார வைத்து, வண்டி தரையில் நிற்கும்போதே, இயந்திரம் ஓட, ஸ்டீயரிங்கைப் பத்து மணி நிலைக்கும் இரண்டு மணி நிலைக்கும் இடையே மெதுவாக ஆட்டச் சொல்லி, நான் கீழே படுத்து ஒவ்வொரு இணைப்பின் மேலும் விரலை வைத்துப் பார்த்தேன். டை ராடின் முனைகள் இரண்டிலும் துளி ஆட்டம் இல்லை. அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பேனார்ட் ராடின் ரப்பர் புஷ்ஷில்தான் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு சின்னத் தட்டு கிடைத்தது. அதற்கு முன்பே தடித்த டை ராடுக்காகச் செலவழித்திருந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது.

இவ்வகை வண்டியில் பேரிங் அமைப்பை முழுவதும் மாற்றியவர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிர்ந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

ஐயா, நான் மாற்றியவன், வருந்தவில்லை. ஆனால் என் தேவை வேறு. ஆண்டின் பெரும்பகுதி சேற்றிலும் ஆற்றுப் படுகையிலும் ஓடும் வண்டி என்பதால், தண்ணீர் புகுந்து மூடிய பேரிங்குகள் அடிக்கடி போய்க்கொண்டிருந்தன. மாற்றிய அமைப்பில் சுழலாத தண்டான ஸ்பிண்டிலின் மேல் இரண்டு கூம்பு உருளை பேரிங்குகள் இருக்கின்றன; கழற்றித் துடைத்து, புதுக் கிரீஸ் திணித்து, 0.025 முதல் 0.125 மி.மீ. வரை மட்டும் அச்சுவழி ஆட்டம் இருக்குமாறு நட்டைச் சரிசெய்து பூட்டிவிடலாம். சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பை அச்சுத் தண்டோடு இணைக்கும் பூட்டைத் திறந்து விட்டால், நெடுஞ்சாலையில் அந்தத் தண்டும் அதன் வளையும் மூட்டான யு-ஜாயின்டும் சுழலாமல் நிற்கும். ஆனால் இழப்புகளும் உண்டு. நான்கு சக்கர இயக்கம் வேண்டுமென்றால் இறங்கிப் போய் இரண்டு ஹப்புகளையும் கையால் பூட்ட வேண்டும். பேரிங்கைத் திறந்து பார்க்கும் வேலையைத் தள்ளிப் போடவே முடியாது. ஏபிஎஸ்ஸுக்கான வேக உணரி புதிய ஹப்பில் பொருந்துகிறதா என்பதை வாங்கும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். சாலையில் டிரெய்லர் இழுப்பதே தங்கள் வேலை என்றால், இது வேண்டாம் என்பதே என் கருத்து.

மறுமொழி 2

ஸ்டீயரிங் பற்றி மட்டும் சொல்கிறேன். டை ராடைத் தடிப்பாக்கியதும் என் வண்டியில் அடுத்து இளைத்தது, ஸ்டீயரிங் திருப்பத்தைச் சக்கரங்களுக்கு மாற்றும் கியர் பெட்டியான ஸ்டீயரிங் பாக்ஸ். முன்பு டை ராட் வளைந்து வாங்கிக்கொண்ட அடியெல்லாம் பாக்ஸின் தண்டில் பொருந்திய பிட்மேன் ஆர்ம் என்ற கை வழியாக அந்தத் தண்டுக்குப் போய், ஆயில் சீல் கசியத் தொடங்கியது. அந்தத் தண்டின் கீழ்முனையைச் சேசிஸோடு தாங்கிப் பிடிக்கும் பிரேஸ் ஒன்றைப் போட்ட பிறகே நின்றது. வண்டியை உயர்த்தும் எண்ணம் இருந்தால், டிராக் லிங்கும் பேனார்ட் ராடும் ஒரே சாய்வில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் தானாகத் திரும்பும்.

முதல் பகிர்வை எழுதியவர்

இருவருக்கும் மிக்க நன்றி. என் வண்டி பெரும்பாலும் தார்ச்சாலையில் டிரெய்லர் இழுப்பது. ஆகவே நிறுவனம் பொருத்திய மூடிய பேரிங்குகளும் அவற்றுக்கேற்ற சக்கரங்களும் அப்படியே இருக்கும். டயரின் அகலத்தையும் மாற்றப் போவதில்லை. வண்டியை உயர்த்தும் திட்டமும் இல்லை. டை ராட் மாற்றத்தையும் தள்ளி வைத்துவிட்டேன். ஸ்டீயரிங் பாக்ஸ் பிரேஸ் மட்டும் போடுகிறேன், அதுவும் உத்தரவாத விதிகளை எழுத்து மூலம் கேட்டு வாங்கிய பிறகே.

நேற்று மாலை வண்டிக்கு அடியில் படுத்து, டை ராட் முனைகள், டிராக் லிங்க், பேனார்ட் ராட் ஆகியவற்றின் ஒவ்வொரு நட்டிலும் அதன் இருக்கையிலும் சேர்த்து வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறேன். 5,000 கி.மீ. ஓடியதும், அதே ஆளை உள்ளே உட்கார வைத்து ஸ்டீயரிங்கை ஆட்டச் சொல்லி, கோடுகள் விலகியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.