வியட்நாமிய மொழியிலுள்ள கணித நூல்களை ஆங்கிலத்தில் பெயர்ப்போர் தேவை

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரின் கடற்கரையில் கப்பாபைகஸ் என்னும் கடற்பாசியை வளர்க்கும் மகளிர் குழுக்களின் விளைச்சலைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்து வருகிறேன். இதே பாசியைக் கடலில் வளர்க்கும் வியட்நாமிலிருந்து, மாதிரி எடுத்தல், மாறுபாட்டுப் பகுப்பாய்வு ஆகியவை குறித்த இரு நூல்கள் கிடைத்துள்ளன. அவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தருவோரைத் தேடுகிறேன்.

கணினி மொழிபெயர்ப்பை மட்டும் நம்ப மனம் துணியவில்லை. ‘மவ்’ என்னும் ஒரே சொல் அம்மொழியில் மாதிரியையும் குறிக்கிறது, பின்னத்தில் கோட்டுக்குக் கீழுள்ள பகுதி எண்ணையும் குறிக்கிறது. எண்களிலோ தசமத்துக்குக் காற்புள்ளியும் ஆயிரத்துக்குப் புள்ளியும் இடுவது அவர்கள் வழக்கம், ஆகவே 1.250 கிலோ என்று அச்சாகியிருப்பது ஒன்றேகால் கிலோ அன்று, ஆயிரத்து இருநூற்றைம்பது கிலோ. இடுப்பளவு நீரில் நின்று மிதவையிலிருந்து ஈரப்பாசியை அறுத்துக் கரை சேர்க்கும் பெண்களின் உழைப்பு இந்தக் கணக்கில் அடங்கியிருப்பதால், இத்தகைய பிழை ஒன்றுகூட நேரக் கூடாது.

மொழி மட்டும் அறிந்தவர் போதாது. கணிதத்திலோ புள்ளியியலிலோ பட்டம் பெற்றவரே இதற்குத் தகுந்தவர் என்று கருதுகிறேன். ஹனோயிலோ ஹோ சி மின் நகரிலோ பயின்ற நம்மவர் எவரையேனும் அறிந்திருந்தால் அன்புகூர்ந்து தெரிவியுங்கள். முதலில் இரண்டு பக்கங்களைப் பெயர்த்துக் காட்ட வேண்டும். அதற்கும் உரிய ஊதியம் தருவேன். பக்கத்துக்கு எவ்வளவு கேட்பார்கள், சமன்பாடுகளை லேடெக் (கணிதக் குறியீடுகளை அச்சுக்கோக்கும் மென்பொருள்) வடிவில் தட்டச்சு செய்து தருவார்களா என்பதையும் குறிப்பிட்டால் பேருதவியாக இருக்கும்.