கன்சோல் ட்ரைவர் போட்டாச்சு, புட்டில வெறும் கருப்பு ஸ்கிரீன், உதவி ப்ளீஸ்

செல்வா_நெட்: அவசரம் மக்களே. ரவுட்டர் கான்ஃபிக் பண்ணணும், அதுக்கு கேபிள் மாட்டி நேரடியா உள்ள போற யுஎஸ்பி கன்சோலுக்கு ட்ரைவர் போட்டு ரீஸ்டார்ட்டும் பண்ணிட்டேன், டிவைஸ் மேனேஜர்ல அந்த கேபிளுக்கான காம் போர்ட் வந்துருச்சு மஞ்சள் எச்சரிக்கைக் குறிகூட இல்ல ஆனா ரவுட்டருக்கு கமாண்ட் அடிக்கிற புட்டி சாஃப்ட்வேரை ஓபன் பண்ணா கருப்பா நிக்குது, எண்டர் தட்டித் தட்டி விரல் தேஞ்சதுதான் மிச்சம்

கவி7: என்ன ரவுட்டர்? விண்டோஸா லினக்ஸா? ரவுட்டர்லயே இருக்குற மினி யுஎஸ்பியா, இல்ல நீல கன்சோல் கேபிள்ல யுஎஸ்பி கன்வெர்ட்டர் மாட்டிருக்கீங்களா?

மாயவன்: சந்தேகமே வேணாம், டூப்ளிகேட் சிப். கன்வெர்ட்டர்ல வர்ற பழைய பிஎல்2303 சிப் எல்லாம் புது ட்ரைவர்ல கோட் 10-ன்னு எரர் அடிக்கும். எஃப்டிடிஐ கம்பெனி சிப் போட்ட கேபிள் வாங்குங்க, தலைவலி விட்டுச்சு.

கவி7: கோட் 10 வந்தா மஞ்சள் குறி வருமே ப்ரோ, அவர்தான் இல்லங்கிறாரே

பழைய_பூதம்: தம்பி, முதல்ல கேள்வி கேக்கக் கத்துக்கோங்க. மாடல் இல்ல, ஓஎஸ் இல்ல, நாங்க என்ன ஜோசியமா பாக்குறோம்? புட்டில ஸ்பீடு 9600, 8 பிட், பேரிட்டி நன், ஸ்டாப் 1, ஃப்ளோ கண்ட்ரோல் நன். இதைப் பாத்தீங்களா இல்லையா?

செல்வா_நெட்: சிஸ்கோ 1941, விண்டோஸ் 10. செட்டிங் எல்லாம் நீங்க சொன்னதுதான்ணா. காம் 4, காம் 5 ரெண்டு தெரியுது, புட்டில 5 குடுத்திருக்கேன்

பழைய_பூதம்: மாயவன், எஃப்டிடிஐ-ன்னா சொக்கத்தங்கமா? 2014-ல விண்டோஸ் அப்டேட்ல வந்த அவங்க ட்ரைவர் போலி சிப்பை கம்ப்யூட்டர் அடையாளம் காணுற பிராடக்ட் ஐடியையே 0 ஆக்கி முடக்குச்சே, மறந்துட்டீங்களா?

மாயவன்: போலின்னா முடக்கத்தான் செய்வாங்க!

பழைய_பூதம்: காசு குடுத்து வாங்குனவனுக்கு அது போலின்னு எப்படிங்க தெரியும்? அப்புறம் ஏன் அந்த ட்ரைவரை வாபஸ் வாங்குனாங்களாம்?

கவி7: சண்டைய அப்புறம் வச்சுக்கோங்கப்பா. செல்வா, ரெண்டு காமா? அப்போ மினி யுஎஸ்பி, நீல கேபிள் ரெண்டையும் சேத்து சொருகிருக்கீங்க. 1941-ல ஒரு நேரத்துல ஒரு கன்சோல்தான் வேலை செய்யும், யுஎஸ்பிக்குத்தான் முன்னுரிமை, அது இருந்தா நீல கேபிள் மாட்டுற ஆர்ஜே45 போர்ட் செத்த மாதிரி கிடக்கும். காம் 5 நீல கேபிளோடதா இருக்கும். மினிய உருவிட்டு எண்டர் தட்டுங்க, இல்லாட்டி புட்டில 4 குடுங்க. யுஎஸ்பி பக்கமே போகக்கூடாதுன்னா உள்ள போனதும் லைன் கன்சோல் 0-ல மீடியா-டைப் ஆர்ஜே45-ன்னு கமாண்ட் போட்டுடலாம்.

மாயவன்: இருந்தாலும் அந்த கன்வெர்ட்டர்ல என்ன சிப்னு ஒரு தடவை பாத்துருங்க

செல்வா_நெட்: மினிய உருவுனதும் ப்ராம்ப்ட் வந்துருச்சு, நன்றி கவி

வண்டு_லினக்ஸ்: இதே ரவுட்டர், எனக்கு உபுண்டுல போர்ட் டிடிஒய்ஏசிஎம்0-ன்னு வருது, ஓபன் பண்ணா பெர்மிஷன் டினைட். எந்த ட்ரைவர் போடணும்?

கவி7: ட்ரைவரே வேணாம். உங்க யூசரை, அந்த போர்ட்டைத் திறக்க உரிமை இருக்குற டயல்அவுட் குரூப்ல சேத்துட்டு லாக்அவுட் பண்ணி திரும்ப வாங்க.