குடில் படம், மூங்கில் நட்சத்திரம், வாழ்த்து அட்டை: மூன்றுக்கும் யோசனை வேண்டும்

வண்ணத்தாள்:
வணக்கம். இந்தக் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக் குடிலையே படமெடுத்து வாழ்த்து அட்டையாக்கப் போகிறேன். குழந்தை இயேசு சொரூபம் 12 செ.மீ. நீளம். பின்னால் மங்கலாகத் தெரியும் சீரியல் லைட் ஒவ்வொன்றும் நட்சத்திர வடிவில் விழ வேண்டும். கறுப்புத் தாளில் நட்சத்திரம் வெட்டி 18-55 மி.மீ. கிட் லென்ஸின் (கேமராவோடு சேர்ந்து வருவது) முன்னால் மாட்டினால் விளக்குகள் வட்டமாகவே வருகின்றன. மூலைகள் நான்கும் இருண்டுவிடுகின்றன. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் இரவல் கிடைக்கும். அதனால் மாற்றம் இருக்குமா?

வாசலில் தொங்கவிட மூங்கிலில் ஐந்து முனை நட்சத்திரமும் செய்கிறேன். அதுவும் அதே படத்தில் பின்னணியாக வந்தால் நல்லது. பிளாச்சு (பிளந்த மூங்கில் குச்சி) என்ன நீளம், தாளை எப்படித் தொய்வில்லாமல் ஒட்டுவது? கடைசியாக, அட்டையில் படத்தை ஒட்டியதும் அட்டை வளைந்துபோகிறது, அதைத் தடுக்க என்ன வழி?

இருட்டறை:
50 மி.மீ. லென்ஸை வாங்கிவிடுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் லென்ஸுக்குள் ஒளி நுழையும் வாசலின் விட்டம் கிடைக்கும். 50-ஐ 1.8-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 28 மி.மீ. கிட் லென்ஸில் 55-ஐ 5.6-ஆல் வகுத்தால் 10 மி.மீ.கூடத் தேறாது. நீங்கள் வெட்டும் நட்சத்திரம் அந்த வாசலைவிடச் சிறியதாக இருந்தால்தான் அதன் வடிவம் விளக்குகளில் விழும். பெரியதாக வெட்டினால் ஒளியை வடிவமைப்பது தாள் அல்ல, லென்ஸின் சொந்தத் துளைதான். உங்களுக்கு வட்டமாக வந்தது அதனால்தான்.

50 மி.மீ. லென்ஸுக்கு முனைக்கு முனை 15 மி.மீ. நட்சத்திரம் சரியான அளவு. 12-க்குக் கீழே போனால் விளக்குகள் சிறுத்துவிடும். 20-ஐத் தாண்டினால் முனைகள் மழுங்கும். கறுப்புச் சார்ட் தாளை லென்ஸ் முகப்பின் அளவுக்கு வட்டமாக வெட்டி, மையத்தைக் காம்பஸால் குறித்து, அந்தப் புள்ளியைச் சுற்றியே நட்சத்திரத்தை வெட்டுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம், புது பிளேடு போட்ட கட்டர்தான் வேண்டும். ஓரத்தில் பிசிறு இருந்தால் அது ஒவ்வொரு விளக்கிலும் தெரியும். மையம் ஓரிரு மி.மீ. விலகினாலும் படத்தின் ஒரு பக்கத்து நட்சத்திரங்கள் மட்டும் அரைகுறையாக வரும். லென்ஸின் முகப்பைச் சுற்றி 3 செ.மீ. அகலத் தாள்பட்டையைச் சுற்றி, அதில் இந்த வட்டத்தை மூடிபோல ஒட்டினால் கண்ணாடியில் பசை படாது.

மூலை இருள்வது அகலக்கோணத்தின் வேலை. 18 மி.மீ.யில் ஓரங்களுக்கு வரவேண்டிய ஒளியைத் தாளே மறைத்துவிடும். கிட் லென்ஸிலேயே எடுத்தாக வேண்டும் என்றால் 55-க்கு இழுத்து, 7 மி.மீ. நட்சத்திரம் வெட்டுங்கள். வடிவம் வரும், ஆனால் பொடியாக இருக்கும்.

இனி தூரம். கேமராவிலிருந்து சொரூபம் 60 செ.மீ., சீரியல் லைட் 3 மீட்டர். இந்த அமைப்பில் 15 மி.மீ. துளைக்கு ஒவ்வொரு நட்சத்திரமும் படத்தின் அகலத்தில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு வரும் (கிட் லென்ஸோடு வரும் கேமராக்களில் வழக்கமாக இருக்கும் ஏபிஎஸ்-சி அளவு சென்சாருக்குச் சொல்கிறேன்). விளக்குகளைக் குடிலுக்குப் பின்னால் ஒரு சாணில் தொங்கவிட்டால் எதுவுமே வராது. குடில் சுவரை ஒட்டியே இருக்கும் வீடுகளில் இந்தப் படம் தோற்பதற்கு இதுதான் காரணம். படத்துக்காக மட்டும் சொரூபத்தையும் கொஞ்சம் வைக்கோலையும் ஒரு ஸ்டூலுக்கு மாற்றி, கூடத்தின் நடுவில் வையுங்கள்.

ஒளி அளவு: மேனுவலில் எஃப் 1.8, ஐஎஸ்ஓ 400, ஷட்டர் 1/25, முக்காலி கட்டாயம். லென்ஸின் துளையைச் சுருக்கவே கூடாது, சுருக்கினால் நட்சத்திரத்தை அது கடித்துவிடும். நட்சத்திரத் துளை முழுத் துளையின் பரப்பில் ஏறக்குறைய எட்டில் ஒன்றுதான். தாள் மாட்டியதும் மூன்று ஸ்டாப் ஒளி (ஒரு ஸ்டாப் என்றால் பாதியாவது) குறைந்துவிடும். ஷட்டரை ஏன் 1/25 என்கிறேன் என்றால், மலிவான எல்இடி சீரியல் செட்டுகள் மின்சாரத்தோடு சேர்ந்து விநாடிக்கு 50 தடவை அணைந்து எரியும். 1/200-இல் எடுத்தால் பாதி விளக்குகள் காணாமல் போகும், அல்லது படத்தில் பட்டை விழும். மாறி மாறி மின்னும் மோடையும் நிறுத்திவிடுங்கள். சொரூபத்துக்கு ஒரு மேசை விளக்கை வெள்ளைத் தாளில் மோதவிட்டுப் பக்கவாட்டிலிருந்து கொடுங்கள். வைக்கோலுக்கு நடுவில் மெழுகுவத்தி ஏற்றவே வேண்டாம்.

உங்கள் மூங்கில் நட்சத்திரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். புள்ளிபோல எரியும் ஒளிதான் துளையின் வடிவத்தை எடுக்கும். காகித நட்சத்திரம் பரப்பாக ஒளிர்வது. அது குட்டி நட்சத்திரங்களாக உடையாது, ஓரம் கரைந்த ஒரே நட்சத்திரமாக நிற்கும். முக்கால் முழத்துக்கு மேல் அளவிருந்தால் 3 மீட்டர் தள்ளியும் அடையாளம் தெரியும். படத்தின் ஒரு மூலையில் அது, மற்ற இடமெல்லாம் சீரியல் நட்சத்திரங்கள் என்று வைத்தால் அட்டைக்கு மிக அழகான படம்.

ஈர்க்கு:
நட்சத்திரத்துக்கு நான் சொல்றேன். 60 செ.மீ. பிளாச்சு பத்து எடுங்க. அகலம் ஒரு செ.மீ.க்குள்ள, கனம் 3 மி.மீ. கணு நடுவுல வர்ற பிளாச்சு வேண்டாம், அது மட்டும் வளையாம முனையைக் கோணலாக்கும். ஒவ்வொரு பிளாச்சுலயும் ரெண்டு முனையிலிருந்தும் 22.9 செ.மீ.ல பென்சில் கோடு போட்டுக்குங்க. நடுவுல 14.2 மிஞ்சும். பிளாச்சுகள் ஒண்ணையொண்ணு வெட்டுற இடம் அந்தக் கோடுதான். வேற நீளத்துக்குச் செய்யணும்னா நீளத்தை 0.382-ஆல பெருக்குங்க. கண்ணளவுல கட்டினா கடைசி முனை சேரவே சேராது.

அஞ்சு பிளாச்சை மேலயும் கீழயுமா மாத்தி மாத்திப் பின்னி, முனைகளை ட்வைன் நூலால இறுக்கணும். இதே மாதிரி இன்னொண்ணு. ரெண்டையும் ஒண்ணுமேல ஒண்ணு வச்சு அஞ்சு முனையையும் சேர்த்துக் கட்டிட்டு, உள்ளே வெட்டுற அஞ்சு இடத்துலயும் 12 செ.மீ. முட்டுக்குச்சியை நிறுத்திக் கட்டுங்க. அப்பதான் வயிறு உப்பி நட்சத்திரம் முழுசாத் தெரியும். முட்டுக்குச்சி முனையில V வெட்டு மாதிரி ஒரு சின்னக் கவை எடுத்துட்டா வழுக்காது.

பட்டம் செய்யுற மெல்லிய தாள்தான் சரி. ஒரு முழுத்தாளைப் போர்த்தி ஒட்டாதீங்க, சுருக்கம் நிச்சயம். துண்டு துண்டா வெட்டணும்: முனைகளுக்கு முக்கோணம் பத்து (பக்கம் 22.9, 22.9, 14.2), ரெண்டு சட்டத்துக்கும் இடையில பக்கவாட்டுக்குப் பத்து (22.9, 22.9, 12), நடு ஐங்கோணம் ரெண்டு. சுத்திலும் ஒண்ணரை செ.மீ. கூடுதலா விட்டு மடிச்சு ஒட்டுங்க. பின்பக்க ஐங்கோணத்தைக் கீழ்ப்பாதி ஒட்டாம விடுங்க, பல்பு மாட்டக் கை போகணும்.

பசை: ஒரு டம்ளர் பச்சைத் தண்ணியில ரெண்டு மேசைக்கரண்டி மைதாவைக் கட்டியில்லாமக் கரைச்சு, அப்புறம் அடுப்புல வச்சுக் கிண்டணும். கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கிடலாம். சுடுதண்ணியில மைதாவைக் கொட்டினா கட்டிதான் மிஞ்சும். பூச்சி வராம இருக்க மயில்துத்தம் போடுறவங்க உண்டு, அது விஷம். சமையல் பாத்திரத்துல வேண்டாம், குழந்தைங்க கூட ஒட்டினா அறவே வேண்டாம்.

காய்ஞ்ச பிறகும் தாள் தொளதொளன்னு இருந்தா, ஸ்பிரேயரால லேசாத் தண்ணி தூவிக் காயவிடுங்க. மெல்லிய தாள் நனைஞ்சு காயும்போது தானா இறுகும். சிவப்பு, நீலம் சாயம் ஓடக்கூடியது, அதுல முதல்ல ஒரு துண்டு நனைச்சுப் பாருங்க. பல்பு அரை வாட் எல்இடி நைட் லேம்ப் போதும். பழைய 40 வாட் குண்டு பல்பைத் தாள் நட்சத்திரத்துக்குள்ள போடுறது ஆபத்து. மார்கழிப் பனியில மைதா பசை இளகும், அதனால மொட்டைமாடிக் கம்பியில தொங்கவிடாம சன்ஷேடுக்குக் கீழ கட்டுங்க. மழைக்கும் அதுதான் பாதுகாப்பு.

மாடிப்படி:
போனில் இந்த நட்சத்திர விளக்குகள் வருமா? தனி கேமரா இல்லை.

இருட்டறை:
வராது. போனின் முதன்மைக் கேமராவில் ஒளி வாசல் சில மி.மீ.தான். அதற்குள் நட்சத்திரம் வெட்ட முடியாது. போர்ட்ரெய்ட் மோடு செய்வது கணக்குப் போட்ட மங்கல், அது தாளின் வடிவத்தை அறியாது. வேறு வழி இருக்கிறது. சொரூபத்துக்கு 10-15 செ.மீ. அருகில் போய், ஒரு மீட்டர் பின்னால் டிவி திரையில் யாராவது எடுத்துத் தந்த நட்சத்திர விளக்குப் படத்தை முழுத்திரையாக வையுங்கள். திரையை இன்னும் கிட்டே வைத்தால் புள்ளிகள் அலையலையாகத் தெரியும். திரையின் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறையுங்கள்.

வாசல் நட்சத்திரத்தைத் தனியாக எடுக்கப் போனே போதும். ஆனால் நன்றாக இருட்டிய பிறகு எடுக்காதீர்கள், கறுப்பில் ஒரு வெள்ளைத் திட்டுதான் கிடைக்கும். டிசம்பரில் சென்னைப் பக்கம் சூரியன் 5.45 அளவில் மறையும். 6 மணியிலிருந்து பத்து நிமிடம் வானம் ஆழ்ந்த நீலமாக நிற்கும். அப்போது போன் திரையில் நட்சத்திரத்தின் மேல் விரலை வைத்து அழுத்தி, வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கி எடுங்கள்.

மடிப்பு:
அட்டை வளைவது பெவிகாலில் உள்ள தண்ணீரால். ஒரு பக்கம் மட்டும் நனைந்து விரிந்து, காயும்போது சுருங்கி இழுக்கிறது. இரட்டைப்பக்க டேப்பை நான்கு ஓரத்திலும் ஒட்டுங்கள், அல்லது பசைக்குச்சி. அட்டை 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம்) ஏ4, பாதியாக மடித்தால் ஏ5. அதில் லேபில் போட்ட 4-க்கு 6 அங்குலப் படத்தை நிமிர்த்தி ஒட்டினால் பக்கங்களில் 23 மி.மீ. இடம் இருக்கும். மேலேயும் 23 விட்டால் கீழே 35 கிடைக்கும், வாழ்த்து வரியை அங்கே எழுதலாம். உறை சி5.

மடிப்பு வெடித்து வெள்ளை தெரிந்தால் தாளின் நார் குறுக்கே ஓடுகிறது என்று பொருள். தாளை இரு திசையிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும் திசையில்தான் மடிப்பு வர வேண்டும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்திவிட்டு மடித்தால் நேராக விழும்.

லேபுக்குக் கொடுக்குமுன் 1800-க்கு 1200 பிக்சலாக நீங்களே வெட்டுங்கள். போன் படங்கள் 4:3, பிரிண்ட் 3:2. கடையில் விட்டால் ஒன்பதில் ஒரு பங்கை எங்கே வேண்டுமானாலும் வெட்டிவிடுவார்கள், நிமிர்ந்த படத்தில் பெரும்பாலும் பக்கத்து ஓரத்தில் தொங்கும் நட்சத்திரம்தான் போகும். இருட்டுப் படம் திரையில் பார்ப்பதைவிடத் தாளில் கறுத்து வரும், அதனால் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றி முதலில் ஒரே ஒரு பிரதி போட்டுப் பாருங்கள். மேட் தாள் கேளுங்கள், கைரேகை விழாது.

வண்ணத்தாள்:
மிக்க நன்றி. இன்னொரு கேள்வி: நட்சத்திரத்துக்குப் பதில் மகளின் பெயரின் முதல் எழுத்து 'ச' வெட்டினால் படத்தில் திரும்பி விழுமா?

இருட்டறை:
கேமராவுக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது எழுத்து நேராகத் தெரியும்படி மாட்டுங்கள், பின்னணி விளக்குகளில் நேராகவே விழும். முன்னால் நின்று படித்து நேராக இருந்தால் படத்தில் இடவலம் மாறிவிடும். சொரூபத்துக்கு முன்னால், கேமராவுக்குக் கிட்டே தொங்கும் விளக்குகளில் மட்டும் எழுத்து தலைகீழாக வரும். அதனால் முன்னால் விளக்கு வைக்காதீர்கள். கோடுகள் 2 மி.மீ. அகலமாவது இருக்கட்டும். 'ச'வில் மூடிய சுழி இருக்கிறது, அதைக் கவனியுங்கள். 'க', 'ம' போன்றவற்றைப் போலவே இதிலும் நடுத்துண்டு உதிர்ந்துவிடும், அதைத் தாங்க ஒரு மெல்லிய பாலம் விட்டு வெட்ட வேண்டும்.