மறியலில் (சிறையில்) அப்பாவோ அம்மாவோ உள்ள பிள்ளைகளுக்கு லீவு முகாம்: நடத்துகிறவர்கள் சொல்வது

ஹட்டன், பதிவுப் பக்கம்

"அப்பா எங்கே என்று பிள்ளைக்குச் சொல்லி வைத்திருக்கிறீர்கள்?" படிவத்தில் முதலில் கேட்க வேண்டியது இதுதான். வயதும் வகுப்பும் பிறகு. அப்பா உள்ளே என்றால் "கொழும்பில் கடை வேலை", அம்மா என்றால் "வெளிநாடு" என்று சொல்லி வைத்திருப்பார்கள். அப்பாயியோ அம்மாயியோ சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி, அந்தப் பிள்ளையின் குழுத் தலைவருக்கு மட்டும் கொடுங்கள். அக்காவுக்கு உண்மை தெரியும், தம்பிக்குத் தெரியாது என்ற வீடுகளும் உண்டு. உண்மையை உடைக்கும் இடம் முகாம் அல்ல. சொல்ல வேண்டுமானால் வீட்டார், முகாமுக்கு முன்பே, வீட்டில் வைத்துச் சொல்லட்டும்.

40 பேர் எடுத்தால் அதில் 15 பேராவது மற்ற வீட்டுப் பிள்ளைகளாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முகாமுக்குப் போனாலே அது இன்ன வீட்டுப் பிள்ளை என்று லயம் (தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள்) முழுக்கத் தெரிந்துவிடும். முகாம் நடத்தும் கிறிஸ்தவ ஆலயத்தின் பெயர் எழுதிய வேனை லயத்துக்குள் விடாதீர்கள், கடையடியில் ஏற்றலாம்.

விளக்கமறியல் (தீர்ப்புக்கு முந்திய காவல்) என்றால் வழக்கின் அடுத்த தவணைத் திகதியைக் கேட்டு வையுங்கள். அன்று வீட்டில் பிணைக்காகக் காத்திருப்பார்கள், பிள்ளைக்கு அன்று எதிலும் மனம் நிற்காது. தண்டப்பணம் கட்டாமல் உள்ளே போனவர், பணம் கட்டியதும் வெளியே வந்துவிடுவார். முகாம் பாதியில் பிள்ளையை வீட்டில் கொண்டுபோய் விட ஒரு ஆளும் பஸ் காசும் தனியாக இருக்கட்டும்.

5ஆம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எப்போது என்று பார்த்த பிறகுதான் நாள் குறிக்க வேண்டும்.

பண்டாரவளை, நிகழ்ச்சிகள்

ஆகஸ்டில் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேற்குப் பருவமழை விடாது. ஊவாப் பக்கம் அப்போது வெயில். பண்டாரவளை, வெலிமடை இடங்களைத் தேடுவது அதனால்தான்.

கள்ளன் பொலிஸ் விளையாட்டை அட்டவணையிலிருந்து எடுத்துவிடுங்கள். சீருடையில் பொலிஸ் அதிகாரியைப் பிரதம விருந்தினராகக் கூப்பிடும் பழக்கத்தையும் விடுங்கள். விடியற்காலையில் கதவு தட்டி அப்பாவைக் கூட்டிப் போனதைப் பார்த்த பிள்ளை, இரவில் முகத்தில் டோர்ச் பட்டாலே எழுந்து அழும். இரவில் சுற்றிப் பார்க்கும்போது வெளிச்சம் தரையில்தான் விழ வேண்டும். கதவைத் தட்டாமல் பெயரைச் சொல்லி மெதுவாக எழுப்புங்கள்.

வேதாகமக் கதையில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். பொருத்தமாக இருக்கும் என்று, சிறையிலிருந்து வெளியே வந்த யோசேப்பையும் பவுல், சீலாவையும் எடுப்பார்கள். பூமி அதிர்ந்து சிறைக் கதவு திறந்தது என்று கேட்ட பிள்ளை அன்றிரவே ஜெபம் பண்ணும். அப்பா வரவில்லை என்றால் ஒன்று அப்பா கெட்டவர், இல்லாவிட்டால் தன் ஜெபம் சரியில்லை என்று முடிவு கட்டும். காணாமல் போன ஆடு, ஐந்து அப்பம் இரண்டு மீன், இவை போதும்.

வருகிறவர்களில் இந்துப் பிள்ளைகள் நிறையப் பேர். திருநீறு பூசினால் பூசட்டும், ஜெப நேரத்தில் வெளியே வரைந்துகொண்டிருக்க விரும்பினால் இருக்கட்டும். இதைச் சம்மதக் கடிதத்திலேயே எழுதி வாசித்துக் காட்டிவிட்டால் மதம் மாற்றுகிறார்கள் என்று பிறகு தோட்டத்தில் கதை கிளம்பாது.

வெலிமடை, அடுப்படியும் படுக்கையும்

பிள்ளைகள் 40, பெரியவர்கள் 8 என்றால் மதியத்துக்கு அரிசி 6 கிலோ, பருப்பு 2 கிலோ. காலை ரொட்டிக்குக் கோதுமை மா 5 கிலோவும் தேங்காய் 5ம். சம்பலுக்குத் தேங்காய் வேறு. இந்த உயரத்தில் தண்ணீர் 100 பாகைக்கு முன்பே கொதித்துவிடும், பருப்பு வேக நேரம் பிடிக்கும். ஊறப் போடாமல் அடுப்பில் ஏற்றினால் 12 மணிச் சாப்பாடு 1 மணிக்குத்தான். மாட்டிறைச்சி வேண்டாம். ஆடி முடியாதிருந்தால் சைவம் மட்டும் சாப்பிடும் பிள்ளைகளும் வருவார்கள்.

தலையணைக்கடியில் ரொட்டி ஒளித்து வைக்கும் பிள்ளை கட்டாயம் ஒன்று இருக்கும். ஏச வேண்டாம். மூடி போட்ட பிஸ்கட் டின் ஒன்றை எல்லாரும் எடுக்கும்படி வைத்தால் இரண்டு மூன்று நாளில் ஒளிப்பது குறையும்.

படுக்கை நனைவதும் வழமைதான். மெத்தை பனியில் காயாது, பொலித்தீன் விரித்து அதன்மேல் பாய் போடுங்கள். கூடுதலாக 10 பெட்ஷீட், கடைசித் தேத்தண்ணி மாலை 6 மணிக்கு, 10 மணிக்கு ஒருமுறை கழிவறை. நனைந்ததை மற்றவர்கள் எழும்ப முன் எடுத்துவிட வேண்டும். இரவில் அறைக்கு இரண்டு பெரியவர்கள். பகலிலும் யாரும் ஒரு பிள்ளையோடு தனியே இருக்கக்கூடாது. சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 தொலைபேசி இலக்கம், பிள்ளைகள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் சுவரில் இருக்கட்டும்.

பதுளை, கடிதமும் அதற்குப் பிறகும்

உண்மை தெரிந்த பிள்ளைகள் மட்டுமே கடிதம் எழுதட்டும், அதுவும் விரும்பினால். சிறையில் கடிதங்களை வாசித்துத்தான் கொடுப்பார்கள். ஆகவே வழக்கு, சாட்சி, கூடப் பிடிபட்டவர் பெயர் எதுவும் வரக்கூடாது. மினுக்கி, ஒட்டுப்படம் இல்லாத வெறுந்தாள் நல்லது. சிறைச்சாலை நலன்புரி உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே பேசிவிட்டு அவர் வழியாகக் கொடுத்தால் போய்ச் சேரும். எல்லாப் பிள்ளைகளையும் பஸ்ஸில் ஏற்றிச் சிறைக்குக் கூட்டிப்போகும் யோசனை வந்தால் மறுத்துவிடுங்கள், பார்க்கப் போவது அந்தந்த வீட்டு விஷயம்.

பணம் கொடுத்தவர்கள் படம் கேட்பார்கள். முதுகுப்பக்கம், கைகள், வரைந்த ஓவியம், அவ்வளவுதான். பேஸ்புக்கில் முகம் வந்தால் பாடசாலையில் மறுநாளே கேலி தொடங்கும்.

கொப்பியும் சப்பாத்தும் கொடுப்பதானால் 40 பேருக்கும் ஒரே மாதிரி கொடுங்கள். முகாம் முடிந்து மூன்று மாதமாவது, மாதம் ஒருமுறை, வீட்டுக்குப் போக ஆளும் செலவும் ஒதுக்கவில்லையென்றால் முகாம் நாளில் ஒன்றைக் குறைத்து அந்தக் காசை இதற்கு வையுங்கள்.