உலர் படுகையில் 3 வாரமாகத் தண்ணீர் நிற்கிறது, அவசரம்

உகாண்டா_சைட்: வணக்கம். உகாண்டாவில் ஒரு சின்ன டவுனுக்கு மலக்கசடு உலர் படுகை (கசட்டின் நீரை மணல் வழியே வடித்துக் காயவைக்கும் தொட்டி) கட்டினோம். முதல் லோடு விட்டு 3 வாரம் ஆச்சு, தண்ணீர் வடியவே இல்லை. திங்கட்கிழமை ஆய்வு. உடனே என்ன செய்யலாம்?

ஈரமணல்: படுகை என்ன அளவு? எத்தனை கன மீட்டர் விட்டீர்கள்? செப்டிக் டேங்க் கசடா, குழிக் கழிப்பறைக் கசடா? மணல் எங்கே எடுத்தது? வடிகுழாய் வாயில் சொட்டாவது வருகிறதா?

வடிகால்72: மணலுக்கும் ஜல்லிக்கும் நடுவே ஜியோடெக்ஸ்டைல் (நீர் புகும் வடிகட்டித் துணி) போட்டீர்களா? போட்டிருந்தால் அதுதான் அடைத்திருக்கும். நான் எப்போதும் வேண்டாம் என்றே சொல்வேன்.

உகாண்டா_சைட்: துணி போடவில்லை. 8 × 5 மீட்டர். மணல் 30 செ.மீ., கீழே ஜல்லி. லாரி 2 நடை. வால்வு திறந்துதான் இருக்கு.

மூத்த_பொறியாளர்: தம்பி, லாரி கொள்ளளவு சொல்லாமல் "2 நடை" என்றால் யார் கணக்குப் போடுவது? கான்கிரீட் தொட்டி கட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, இது வடிகட்டி. 40 சதுர மீட்டருக்கு 10 கன மீட்டர் விட்டால் 25 செ.மீ. ஆழம். 30-ஐத் தாண்டவே கூடாது. லிட்டருக்கு 30 கிராம் திடப்பொருள் என்றால் ஒரு தடவைக்குச் சதுர மீட்டருக்கு 7.5 கிலோ. சதுர மீட்டர் ஆண்டுக்கு 200 கிலோ தாங்கும் என்று வைத்தால் 14 நாளுக்கு ஒரு சுற்று. டிசைனில் இதைப் பார்த்தீர்களா?

கூரைவேய்வோர்: அங்கே மார்ச்–மேயிலும் செப்டம்பர்–நவம்பரிலும் மழை. கூரை போடாமல் எப்படிக் காயும்?

வடிகால்72: கூரை மழையைத் தடுக்கும், வடிகாலைத் திறக்காது. நல்ல படுகையில் முதல் சில நாளிலேயே பெரும்பகுதி நீர் கீழே வடிந்துவிடும். வெயிலும் காற்றும் மிச்சத்துக்குத்தான்.

கூரைவேய்வோர்: பாதி காய்ந்த கசட்டில் ஒரு மழை பெய்தால் மறுபடி கூழ்தானே? பக்கம் திறந்த கூரையைத்தான் சொல்கிறேன்.

வடிகால்72: பக்கம் திறந்தது என்றால் ஒப்புக்கொள்கிறேன். மூடினால் ஈரக்காற்று உள்ளேயே தங்கிவிடும்.

ஈரமணல்: கூரை பிறகு. முதலில் அடைப்பு எங்கே என்று பாருங்கள். அடி வெட்டிய பிளாஸ்டிக் வாளியை மூலையில் மணல் வரை அழுத்தி, உள்ளே உள்ள கசட்டை அள்ளிவிட்டு மணலை ஒரு சாண் தோண்டுங்கள். கீழிருந்து நீர் ஊறி வந்தால் குழாயோ ஜல்லியோ அடைப்பு. மணல் வெறும் ஈரமாக மட்டும் இருந்தால் மேல் மணல் அடைப்பு. கையுறை, பூட்ஸ் கட்டாயம்.

மிச்ச மணல் இருந்தால் பாட்டிலில் பாதி போட்டு, நீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் குலுக்கி 3 மணி நேரம் வையுங்கள். மேலே படியும் சேறு, மணல் உயரத்தில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டினால் கழுவாமல் போடக் கூடாது. பூச்சு வேலைக்கான ஏரி மணலா? அது மிக நைஸ்.

மூத்த_பொறியாளர்: மணலின் பயனுரு அளவு (எடையில் பத்தில் ஒரு பங்கு மணல் இதைவிட நைஸாக இருக்கும்) 0.3 முதல் 0.75 மி.மீ., சீர்மைக் கெழு (மணல் துகள்கள் எவ்வளவு ஒரே அளவில் உள்ளன என்பதைக் காட்டும் எண்) 4-க்குள். அதன் கீழே பொடி ஜல்லி 10 செ.மீ., அடியில் 20–40 மி.மீ. ஜல்லி 20 செ.மீ. தரை குழாயை நோக்கி நூற்றுக்கு ஒன்று சரிவு. கசடு விழும் இடத்தில் கல்பலகை வைத்தீர்களா? இல்லாவிட்டால் அங்கே மணல் குழியாகிவிடும்.

ஈரமணல்: பொதுக் கழிப்பறையின் புதுக் கசடு தனியாகச் சரியாக வடியாது, அதில் நீரும் திடமும் எளிதில் பிரியாது. அதில் ஒரு பங்குக்குச் செப்டிக் டேங்க் கசடு இரண்டு பங்கு கலந்து விடுங்கள். இப்போது மேலே தெளிந்த நீர் பிரிந்திருந்தால் சின்ன பம்பால் மேற்பரப்பிலிருந்து மட்டும் எடுத்துச் சுத்திகரிப்புக் குளத்துக்கு விடுங்கள். வாய்க்காலுக்கு விடாதீர்கள், புழு முட்டை போகும்.

உகாண்டா_சைட்: வாளி வைத்துப் பார்த்தோம். கீழே மணல் ஈரம் மட்டும். ஏரி மணல்தான். பாட்டிலில் சேறு கால்வாசி. கசடு சந்தைக் கழிப்பறையிலிருந்து வந்தது. மேல் 15 செ.மீ. எடுத்துக் கழுவிய மணல் போடுகிறோம். நன்றி.

ஈரமணல்: 15 போதாது. 30-ம் அதே ஏரி மணல்தானே? முழுசாக மாற்றுங்கள். மாற்றிய படுகையில் கசடு விடாமல் வெறும் தண்ணீர் 20 செ.மீ. ஊற்றி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று குறித்துவிட்டு அடுத்த வேலையைத் தொடுங்கள்.